பிடிபடாத ஆட்டக்காரி

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்களை அலுவலகம் மைதானத்து ஆள் என்று நினைக்கும், மைதானம் அலுவலகத்து ஆள் என்று நினைக்கும். விடியற்காலையில் மண்ணில் புரண்டுவிட்டு, பத்து மணிக்கு அதே முழங்காலை மேஜைக்கு அடியில் மடக்கிக்கொண்டு கோப்பைத் திறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹைதராபாத்தில் மௌலா அலி பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் நான் எழுத்தர். நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என்னோடு படித்த பெண்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அங்கே வந்து இறங்கினார்கள். நான் கபடி ஆடியதற்காக இங்கே வந்து இறங்கினேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உடம்பில் வெண்புள்ளி உண்டு. எங்கள் வீட்டில் அதை வெறுமனே 'வெள்ளை' என்போம். கல்லூரி இரண்டாம் வருடம் உதட்டோரத்தில் கடுகளவு ஆரம்பித்தது. வேலைக்கு வரும்போது கண்ணைச் சுற்றி, விரல்களில், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை என்று தன் இஷ்டத்துக்கு இடம் பிடித்துவிட்டது. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. கல்லூரித் தோழிகள் அது வருவதற்கு முன்பிருந்தே என்னைக் கட்டிப் புரண்டு ஆடியவர்கள், அதனால் அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. இங்கே வந்தபோதுதான் புது மனிதர்கள், புது மண்.

ஒரே நாளில் வந்த திறமை

முதல் நாள் பயிற்சிக்குத் தோல் நிறத்தில் ஒரு க்ரீமை முகத்திலும் கையிலும் காலிலும் பூசி, அதன்மேல் பவுடரும் போட்டுக்கொண்டு போனேன். பொழுது சரியாக விடியவில்லை. மைதானத்திலிருந்து பார்த்தால் மௌலா அலி மலை பனியில் அடிப்பாகம் இல்லாமல் தெரிந்தது. மேலே இருக்கும் தர்கா மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அந்த அழகில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, எங்கள் பயிற்சியாளர் யாதகிரி சார் விசில் ஊதி என்னைப் பாடிப் போகச் சொன்னார். போனேன். உடனே பிடித்துவிட்டார்கள். திரும்பப் போனேன், திரும்பவும் பிடித்தார்கள். மூலையில் நின்ற அஞ்சும் என்ற பெண் என் காலைப் பிடித்து இழுத்ததில் குப்புற விழுந்து மண்ணைத் தின்றேன். அஞ்சும் அதே பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பிடித்தால் பூட்டு போட்ட மாதிரி இருக்கும்.

வேர்வையில் க்ரீம் வழிய ஆரம்பித்தது. எழுந்து பார்த்தால் அஞ்சுமின் உள்ளங்கையில் என் நிறம் ஒட்டியிருந்தது, என் காலில் வெள்ளை வெளியே வந்திருந்தது. அவள் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். மறுநாள் நான் எதையும் பூசிக்கொள்ளாமல் போனேன். அன்றைக்கு என்னை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. கைகள் அருகில் வரும், பட்டும் படாமல் நழுவும், நான் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிடுவேன். ராத்திரியோடு ராத்திரியாக எனக்குத் திறமை வளர்ந்துவிட்டது என்று சத்தியமாக நம்பினேன். க்ரீம் போட்டுக்கொள்ளாததுதான் காரணமோ என்று அஞ்சுமிடமே கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், பவுடர் போட்டால் கை வழுக்குமே, அதற்கு இது மேல் என்கிற பாவனையில் ஆமாமென்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள்: "ஹவ், பவுடர் நக்கோ. ஐசாச் அச்சா."

மூச்சுக்குள்ளே

பாடிப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது. 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போகும்போது, கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல் வாயை விட்டுக் கழன்று தானாக ஓட ஆரம்பிக்கும். பார்வையாளர்களின் கூச்சல் தூரத்துக்குப் போய்விடும். எதிரே நிற்கும் ஏழு பேரும் தண்ணீருக்கு அடியில் அசைகிறவர்கள் போலத் தெரிவார்கள். நான் செகந்திராபாத்தில் ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் அந்த இடத்துக்குள் போனேன், போனவள் லேசில் வெளியே வரவில்லை. எதிரணியின் சங்கிலி, அதாவது கையோடு கை கோத்து நிற்பார்களே, அது நான் அருகில் போனதும் லிஃப்ட் கதவு மாதிரி இரண்டாகத் திறந்தது. நான் உள்ளே போய் ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி வந்தேன்.

அந்த சீசன் முழுக்க அப்படித்தான். சாயங்கால வெயில் சாய்ந்து, மண் பொன்னிறமாக எழும்பி, அதன் நடுவே நான் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது போல ஒரு ஞாபகம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. வெள்ளை வந்த காலில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க, நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன் என்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எல்லாம் சரிடி. யாரும் பிடிக்கவே இல்லன்னா அது என்ன கபடி?"

மதியத் தூக்கம்

அம்மா கேட்டது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது கனவாக வந்ததும் அலுவலகத்தில்தான். விளையாட்டு ஒதுக்கீட்டுக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவது ஊரறிந்த ரகசியம். கண் திறந்திருக்கும், பேனா கையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டோம்.

அந்தக் கனவில் நான் பாடிப் போகிறேன். எதிரணி பின்வாங்கிக்கொண்டே போகிறது. எல்லைக் கோடு இல்லை. மைதானம் முடிந்து ரயில் நிலையம் வருகிறது, பிளாட்பாரத்துக் கூட்டம் ஒதுங்கி வழிவிடுகிறது. பேகம்பேட்டில் சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்களெல்லாம் இரண்டு பக்கமும் விலகுகின்றன. விமான நிலையத்துக்குள்ளேயே போய்விட்டேன், ஓடுபாதை நீளமாகக் கிடக்கிறது, காற்று மெத்தென்று இருக்கிறது. மூச்சு தீரவே இல்லை. யாராவது பிடித்தால் நிறுத்திவிடலாம், பிடிக்கத்தான் ஆளில்லை. பயமாக இல்லை, ஆனால் சொல்ல முடியாத ஒரு தனிமை. விழித்தபோது எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் வசந்தா மேடம் எதிரே நின்றிருந்தார். அவர் தமிழ்க்காரர்தான், இரண்டு தலைமுறையாக இங்கேயே இருப்பதால் ஹிந்தியும் தெலுங்கும் நடுநடுவே ஊறுகாய் மாதிரி வரும். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "ஹவ், நீ தூங்கலைம்மா, நான் ஒத்துக்கறேன். ஆனா ஃபைலைத் தடவிண்டே கபடி கபடின்னியே, யாரை அவுட் பண்ணினே?"

சாரின் கண்டுபிடிப்பு

யாதகிரி சார் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். அணி ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஒரு ஆட்டத்துக்கு முன் நான் முழங்காலுக்கு உறையும் கால்களுக்கு நீளமான சாக்ஸும் மாட்டிக்கொண்டிருந்தேன். வெயிலில் வெள்ளை பட்ட இடம் சீக்கிரம் சிவந்து எரியும், அதற்காக. சார் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். எரியும் சார் என்றேன். ஆட்டம் முடிந்ததும் களிம்பு வாங்கித் தருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் ரகசியம் சொல்கிறவர் மாதிரி குனிந்து, எதிரணிப் பெண்கள் என் காலைப் பார்த்ததுமே ஓரடி பின்னால் போகிறார்கள், அந்த ஓரடிதான் நமக்கு ஆட்டம் என்று விளக்கினார்.

நான் கையில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். அந்த சீசனின் லிஃப்ட் கதவுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்தில் திறந்தன. நான் நல்ல ஆட்டக்காரியா, இல்லை யாரும் தொட விரும்பாத ஆட்டக்காரியா? இரண்டுக்கும் ஸ்கோர் பலகையில் ஒரே எண்தான். அழுகை வந்தது, அழுதுவிட்டேன். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. அணியிலேயே அதிகப் பாயிண்ட் எடுக்கும் பெண் எதற்கு அழுகிறாள்? என் தோளுக்கு மேலே காற்றில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தான் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டைக் கொடுத்தார். ஆடக்கூட வேண்டாம், கண்ணில் பட்டாலே போதும் என்று அதற்கு அர்த்தம்: "நுவ்வு ஆடக்கர்லேதம்மா, கனபடிதே சாலு."

கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு நாள்

ஐ.டி. கம்பெனிகளில் அப்போது 'டீம் பில்டிங்' என்ற ஒன்று பரவியிருந்தது. ஊழியர்கள் ஒருவரை ஒருவர் நம்பக் கற்றுக்கொள்வதற்காக அவர்களைப் பலூன் ஊத வைப்பார்கள், கயிறு இழுக்க வைப்பார்கள். மாதாப்பூரில் ஒரு கம்பெனி கபடி சொல்லிக்கொடுக்க எங்களைக் கூப்பிட்டது. கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிச் சீராக்கிய புல்வெளி. அவ்வளவு மெத்தென்ற தரையில் நான் அதுவரை விழுந்ததில்லை, விழ ஆசையாக இருந்தது. சுற்றிலும் கண்ணாடிச் சுவர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான், என் கால், பின்னால் மேகம்.

வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் கைசுத்தம் செய்யும் திரவப் புட்டி ஒன்று கைமாறிக்கொண்டே போனது. அப்போது கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, இது ஒட்டாது, டாக்டர்களே சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அறிவித்தாள். கூட்டம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. அதன் பிறகு என்னிடம் அவர்கள் காட்டிய மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. நான் பாடிப் போனால் புன்னகையோடு வரவேற்றார்கள். தொட்டால் நன்றி சொன்னார்கள். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் என் மணிக்கட்டை மல்லிகைப்பூவை எடுப்பது போல இரண்டு விரலால் பிடித்தபடி, ஆட்டத்தின் நடுவிலேயே கேட்டாள்: "அக்கா, இப்படிப் புடிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

பிடிக்கப் போனேன்

பாடிப் போனால்தானே இந்தத் தொல்லை, பிடிக்கிற இடத்துக்கு மாறிவிடுவோம் என்று சாரிடம் சண்டை போட்டு மூலையில் நின்றேன். நான் பிடித்தால் அவர்கள் திமிறித்தானே ஆக வேண்டும்? பேகம்பேட்டில் ஓர் ஆட்டம். எதிரணியிலிருந்து உயரமான ஒரு பெண் பாடி வந்தாள். நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். திமிறப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் பாடுவதை நிறுத்திவிட்டு, மாடிப்படியில் சேலை மாட்டிக்கொண்டவள் மாதிரி அசையாமல் நின்றாள். நடுவர் அவுட் கொடுத்தார். எங்கள் அணி குதித்தது. நான் இன்னும் காலை விடவில்லை.

வெளியே போனவள் நேராகக் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினாள். சோப்பு கேட்டாளாம், கிடைக்கவில்லை. மறுபடி உள்ளே வந்தபோது ஈரக்காலில் மண் அப்பி, முதல் எட்டிலேயே வழுக்கி, யாரும் தொடாமலேயே கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. அஞ்சும் மட்டும் என் பக்கத்தில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எதற்குக் கழுவினாளாம், பைத்தியம் என்று எனக்குச் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை: "கைக்கு தோயீ? பாகல்."

ராமச்சந்திராபுரத்தில் கீழே

பொதுத்துறை நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் ராமச்சந்திராபுரத்தில் நடந்தது. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடின. மேற்கே வானம் பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம், நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். சார் என்னைப் பார்த்தார். பிடிக்கிற இடத்தை விட்டு நான் மறுபடி பாடிப் போகிறவளாகி நாளாகியிருந்தது, வேறு வழி தெரியவில்லை. போனேன்.

மூச்சுக்குள் நுழைந்தேன். சத்தமெல்லாம் அடங்கியது. சங்கிலி எப்போதும் போல விலகியது. கட்டையாக, தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் மட்டும் விலகவில்லை. அவள் பெயர் பத்மா என்று பிற்பாடு தெரிந்தது. நான் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கணத்தில் பத்மா மண்ணோடு மண்ணாகப் பாய்ந்து என் இடது கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் என் காலில், வெள்ளையின் மேலேயே, அழுந்தியிருந்தது. அவள் மூச்சுச் சூடு தெரிந்தது. எட்டு வைத்தேன், அவளையும் இழுத்துக்கொண்டு. அவள் விடவில்லை. அவள் பிடித்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் என்ன வந்ததோ, ஒருத்தி இடுப்பில் விழுந்தாள், இன்னொருத்தி முதுகில், பிறகு எண்ண முடியவில்லை. என் முழங்கை தரையில் தேய்ந்தது. நடுக்கோடு ஒரு கை தூரத்தில் இருந்தது. அந்தக் குவியலுக்கு அடியில் நான் கிடந்தேன், வேர்வையும் மண்ணும் தேங்காய் எண்ணெயுமாக ஒரு வாசனை, இடுக்கு வழியாகக் கொஞ்சம் வானம். இன்னும் மூச்சு மிச்சமிருந்தது. அந்த மூச்சு தீரக் கூடாது, இவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பாடினேன்.

தீர்ந்தது. கோப்பையும் போனது. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், நான் மண்ணில் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டவள் பத்மாதான். என்னைத் தொட உனக்குப் பயமாக இல்லையா என்று அவளிடம் நேராகவே கேட்டேன். இத்தனை நாள் கேட்க நினைத்த கேள்வி அது. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. என் ஆட்டத்தைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, இடது கால் ஒவ்வொரு தடவையும் தாமதமாக வருகிறதே என்று குறை சொன்னாள்: "பயமெந்துக்கு? நீ எடம காலு பிரதிசாரி லேட்டுகா ஒஸ்ததி."

திரும்பும் பஸ்ஸில்

தாமதமாக வரும் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் இரண்டு சீசன் ஆடியிருக்கிறேன். யாராவது பிடித்திருந்தால்தானே தெரியும்? நான் பஸ் ஜன்னலோரத்தில் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளையைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நினைவில்லை. நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து மடியில் விழுந்து போயின.

அஞ்சும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்மா சொன்னதை அவளிடம் சொன்னேன், கால் தாமதமாம் என்று. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. குனிந்து, என் இடது கணுக்காலைத் தன் கையால் பற்றினாள், களத்தில் பற்றுகிற அதே பூட்டு. விடாமலேயே சொன்னாள். தனக்கும் முதலிலிருந்தே தெரியுமாம், சொன்னால் பிடித்துக் காட்ட வேண்டியிருக்குமே என்று சொல்லவில்லையாம். எனக்குக் கோபம் வர வேண்டும், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "மேரேகு பி மாலூம் தா," என்றாள். "போலே தோ பகட்னா பட்தா நா."

அடிபட்ட இடத்தில் புதிதாக வெள்ளை வருவதுண்டு என்பார்கள், ராமச்சந்திராபுரத்து மண்ணில் தேய்ந்த முழங்கையும் ஆறும்போது வெள்ளையாகத்தான் ஆறியது. என் உடம்பில் இருக்கும் இத்தனை வெள்ளைகளில், எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.